கலியாணப் பல் நான் கட்டமாட்டேன்

தம்பி,

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நீ எனக்காக நேரம் எடுத்து வைத்திருக்கும் அந்தப் பல் வைத்தியரிடம் போய், கதிரையில் சாய்ந்து, மிச்சம் இருக்கும் பல்லையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு வர எனக்கு எண்ணம் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நீ கடிதத்தை அரைவாசியில் மடித்து வைத்துவிட்டு, அப்பா என்னவோ புலம்புகிறார் என்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கிற ஆள். உன் கலியாணத்துக்கு இன்னும் நாலு கிழமை இருக்கிறது. அன்றைக்கு மாதா கோவில் வாசலில் உனக்கும் ஷாலினிக்கும் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது என் வாயில் இருக்கப்போவது என் சொந்தப் பல். பத்தொன்பது. மேலே எட்டு, கீழே பதினொன்று. முன் பல்லில் வெட்டு இருக்கிறது, நிறம் மங்கல், இரண்டு கொஞ்சம் சரிந்து நிற்கின்றன. எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவும் இல்லை. புதன்கிழமை சேலை எடுக்கக் கொழும்புக்கு வரும் உன் அக்காவின் கையில் கொடுத்துவிடுகிறேன். பஸ்ஸிலே அவள் வாசிப்பாள் என்று தெரியும். வாசிக்கட்டும். ஷாலினியும் வாசிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, ஒளித்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் சாரத்தை மாற்றக்கூட இல்லை, நீ தொலைபேசியில் முகத்தைக் காட்டிக்கொண்டு கதைத்தாய். "அப்பா, கலியாணத்துக்கு முன்னம் மிச்சப் பல்லையும் கழட்டிப்போட்டு ஒரு செட் கட்டுங்கோ. அண்டைக்கே கழட்டி அண்டைக்கே கட்டி விடுவினமாம். நான் எல்லாம் கதைச்சு வச்சிருக்கிறன்" என்றாய். நான் வேண்டாம் என்றேன். நீ சிரித்தாய். "எங்கட வீட்டாக்களுக்கு நாற்பதோட பல்லு போயிடும் அப்பா. அது பரம்பரை. எனக்கு அந்தக் கடவாய்க் கொடுப்புப் பல்லு முளைக்கவே இல்லைத்தானே. நானும் ஒருநாள் உப்பிடித்தான் கழட்டப் போறன். அதுக்கேன் இந்தப் பாடு?" என்றாய். இதைச் சொல்லும்போது நீ கொய்யாப்பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாய். கடித்த இடத்தில் வெள்ளைச் சதையில் சிவப்பாய் ஒரு கோடு இருந்தது. அது சிவப்புக் கொய்யா இல்லை. நீயும் கண்டாய், நானும் கண்டேன், நீ பழத்தை மெல்ல மறுபக்கம் திருப்பிப் பிடித்தாய். உனக்கு முப்பத்தொரு வயது. என் பல்லுக்காக இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன் என்று நினைக்காதே. அந்தக் கோட்டைக் கண்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடிந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள், கிணற்றைக் கலக்கி இறைப்பார்கள், தாயும் தகப்பனும் மிச்சப் பல்லைக் கழற்றிப் புதுச் செட் கட்டுவார்கள். கலியாணப் பல் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது. உப்புவெளியில் நம்முடைய ஒழுங்கையில் மட்டும் கலியாண அல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் சொந்தமே இல்லாத ஆட்களெல்லாம் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி ஒரே பல்லால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் எடுத்து மூன்றாம் மாதம் பார்த்தால் பாதிப் பேரின் செட் அலுமாரிக்குள் இருக்கும். பூசைக்கும் பந்திக்கும் மட்டும் வெளியே வரும். சுகமாக நிற்கிற பல்லை ஒருநாள் படத்துக்காகப் பிடுங்கி எறிகிற ஊர் வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் அவர்களுக்கும் புத்தி இல்லை.

உன் அம்மா அக்காவின் கலியாணத்துக்குக் கட்டினாள். அவள் கட்டினாள் என்று எழுதுவதே பிழை, நான் கட்டவைத்தேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு பல் இருந்தது. ஆடினது இரண்டே இரண்டு. "ஆடுறதை மட்டும் எடுத்தால் போதாதே?" என்று கேட்டாள். நான்தான் நெருக்கினேன். சம்பந்தி வீட்டார் முன்னால் ஓட்டைப் பல்லோடு நிற்கப் போகிறாயா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை என் வாயால் கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஒரே இருப்பில் பன்னிரண்டையும் எடுத்தார்கள். கலியாணத்தன்று வீங்கிய முகத்தோடு சிரித்தாள், படம் வடிவாகத்தான் வந்தது. பிறகு பல்லைப் பிடித்திருந்த முரசு வற்றத் தொடங்கியது. பல் இல்லாத இடத்தில் எலும்பு கரையும் என்றும், இன்றைக்குப் பொருந்துகிற செட் அடுத்த வருடம் ஆடும் என்றும் எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. அக்காவின் மகளுடைய ஞானஸ்நானப் பந்தியில் அம்மா வாய்விட்டுச் சிரித்தபோது கீழ்ச் செட் கழன்று சோற்றுக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கையால் வாயைப் பொத்தாமல் சிரித்து நீ கண்டாயா? நண்டுக்கறி என்றால் உயிரை விடுகிறவள் இன்றைக்கு எனக்கு நண்டுக் காலை உடைத்துத் தந்துவிட்டு, குசினியில் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்து, செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குழம்பும் சோறும் பிசைந்து சாப்பிடுகிறாள். "சபைக்கு ஒரு பல்லு, சாப்பாட்டுக்கு வெறும் முரசு" என்று தானே பகிடி விடுகிறாள். எனக்கு அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் கதை அதற்கு அடுத்த வருடம். கொடுப்புப் பக்கம் வீங்கி, ஒரு கண் மூடிப்போய், கடலுக்குப் போக ஏலாமல் பெரியாஸ்பத்திரிப் பல் பகுதியில் போய் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த டொக்டர் பிள்ளைக்கு அக்காவின் வயதுகூட இராது. "எல்லாத்தையும் கழட்டி விடுங்கோ டொக்டர், ஒரேயடியாய் முடியட்டும்" என்றேன். "ஏன் ஐயா, பல்லு உங்களுக்கு என்ன செய்தது?" என்று கேட்டாள். எங்கட பரம்பரை அப்பிடி என்றேன். கண்ணாடியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரம்பரை எனக்குத் தெரியேல்லை ஐயா. ஊத்தைதான் தெரியுது" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறுபது வயது மனுஷனைப் பார்த்து ஊத்தை என்கிறாளே என்று எழும்பப் பார்த்தேன். அவள் விடவில்லை. "பிரஷ் பண்ணேக்க ரத்தம் வருதோ?" என்றாள். ஓம் என்றேன். "அப்ப என்ன செய்வீங்கள்?" "அந்தப் பக்கம் தொடுறேல்லை." "எவ்வளவு காலமா?" "பத்து வருசம் இருக்கும்." அவள் கையில் இருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். 

தம்பி, நீயும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பாய். இரத்தம் வருகிறது, ஆகவே அந்தப் பக்கத்தைச் சும்மா விடுவோம் என்று. அது தலைகீழ்ப் புத்தி. இரத்தம் வருகிற இடத்தில்தான் ஊத்தை இருக்கிறது, அங்கேதான் பிரஷ் போக வேண்டும். விட்டால் அந்த ஊத்தை நாள்பட இறுகிக் கல்லாகும், முரசு அதைக் கண்டு பின்வாங்கும், முரசுக்குக் கீழே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். ஒரு பூச்சி, ஒரு ஓட்டை இல்லாத நல்ல பல் தன்பாட்டில் ஆடி விழும். வலிக்கவும் மாட்டாது, அதுதான் அதன் கள்ளத்தனம். அந்தப் பிள்ளை தந்த துண்டுப் பிரசுரத்தில் முரசை ஈறு என்று போட்டு, எல்லாவற்றையும் படமாகவும் கீறியிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு நான் ஒரு கிழமை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு நாள் வரச் சொல்லி, வாயை நாலு பங்காகப் பிரித்துச் சுரண்டினாள். துப்பினால் சுண்ணாம்புக் காரை மாதிரிக் கட்டிகட்டியாக விழுந்தது. படகை வருடத்துக்கு இரண்டு தரம் மணலில் இழுத்துவிட்டு, அடியில் பிடித்த சிப்பியைச் சுரண்டுகிறோமே, அந்தச் சத்தம்தான் என் தலைக்குள் கேட்டது. சிப்பி பிடித்ததற்காகப் படகின் பலகையைக் கழற்றி எறிகிற ஒருவனை நான் இந்தக் குடாவில் இன்னும் காணவில்லை. முதல் நாள் என் வாயில் இருபத்தொரு பல் இருந்தது. இரண்டைக் காப்பாற்ற ஏலாது என்று அவளே சொல்லி எடுத்தாள், மற்றதெல்லாம் நின்றுவிட்டது. ஆடிக்கொண்டிருந்த கீழ்ப் பல் இரண்டு கொஞ்சம் இறுகியும் போயிற்று. இரத்தப் பரிசோதனைக்கும் அவள்தான் அனுப்பினாள், சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. முரசு கெட்டால் சீனி ஏறுமாம், சீனி ஏறினால் முரசு கெடுமாம். உனக்குப் பரம்பரை வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொண்டு போய் நீயும் சோதித்துப் பார். முரசு வருத்தம் சில வீடுகளில் கொஞ்சம் கூடுதலாக வரும் என்றும் அவள் சொன்னாள், அதை நான் மறைக்கவில்லை. அப்படியான வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒழுங்காகத் துலக்க வேண்டும் என்றும் சேர்த்துத்தான் சொன்னாள்.

பிறகு நான் ஒரு விசர் வேலை செய்தேன், அதையும் எழுதுகிறேன், சிரிக்கிறதென்றால் சிரி. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் நூல் விட்டு எடுக்க வேண்டும் என்று அவள் காட்டித் தந்தாள். நூல்தானே, நம்முடைய வீட்டில் இல்லாத நூலா என்று நினைத்து, தூண்டிலுக்கு வைத்திருந்த தங்கூசி நைலோன் நூலில் ஒரு முழம் வெட்டி, வாள் இழுக்கிற மாதிரி இழுத்தேன். முரசு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு, சாரமெல்லாம் இரத்தம். அடுத்த முறை போனபோது எந்த நூல் என்று கேட்டாள். சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது சுறா பிடிக்கிற நூல்" என்றாள். பக்கத்தில் நின்ற தாதிப் பிள்ளை வெளியே ஓடிப்போய்ச் சிரித்தது. பிறகு போத்தல் கழுவுகிற பிரஷைப் போலக் கடுகளவில் ஒரு பிரஷ் தந்தாள். இப்போது அதுதான் என் ஆயுதம். முன் பல்லில் உள்ள வெட்டும் அதே தங்கூசியின் வேலைதான் என்று உனக்குத் தெரியும், முப்பது வருடம் பல்லால் கடித்து அறுத்தது. கடிக்கக்கூடாது என்று அவள் சொன்னதால் நகவெட்டி ஒன்றை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறேன். என்னோடு தொழிலுக்கு வருகிற கிண்ணியாக் கபூர் முதல் நாள் கண்டதும், "என்ன மச்சான், மீன் புடிக்கவா போற, நகம் வெட்டவா போற?" என்று படகு ஆட ஆடச் சிரித்தான். ஒரு மாதம் கழித்து, "அதுல எனக்கும் ஒண்டு வாங்கிட்டு வா" என்று மெல்லக் கேட்டான்.

விடியக்காலைக் கடலில் நித்திரை வராமல் இருக்க வாயில் ஒதுக்கி வைத்த வெற்றிலையும் புகையிலையும் போய் மூன்று வருடம் ஆகிறது. அதை விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடாக இருந்தது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாய் ஒரு திட்டு இருக்கிறது, புகையிலையை விட்டால் தப்பலாம், விடாவிட்டால் நான் பொறுப்பில்லை என்று அவள் சொன்ன அன்றைக்கே பையை வெறுமையாக்கினேன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. இரவில் படுக்க முன் துலக்காமல் நான் படுப்பதில்லை, அதற்குப் பிறகு ஒன்றும் வாயில் வைப்பதும் இல்லை. உமிக்கரி, உப்பு, செங்கல் தூள் எல்லாவற்றையும் தலையைச் சுற்றி எறிந்தாயிற்று, அவை பல்லைத் தேய்த்துத் தின்கின்றன. மெல்லிய தும்பு உள்ள பிரஷ், புளோரைட் உள்ள பற்பசை, முரசின் ஓரத்தில் சரித்துப் பிடித்துச் சின்னச் சின்னதாய் இரண்டு நிமிடம், பிறகு துப்புவது, வாயைக் கழுவித் தள்ளாமல் விடுவது. இவ்வளவுதான் சங்கதி. இதைச் செய்ய ஒருவனுக்கு அறுபது வயது ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீ கொழும்பில் இரவு வேலைக்கு முழிப்பாய் இருக்க அந்தத் தகர டின்னில் விற்கிற இனிப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து விடியக்காலையில் அப்படியே விழுந்து படுக்கிறாய் என்று உன்னோடு அறையில் இருக்கிற பொடியன் சொன்னான். அவனை ஏசாதே, நான்தான் கேட்டேன்.

இனி எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன். உன் இடப்பக்கக் கீழ்க் கொடுப்பில் ஒரு இடைவெளி இருக்கிறது. அங்கே பல் முளைக்கவே இல்லை என்று நீ எல்லோருக்கும் சொல்கிறாய். அது பொய். நீ சொல்கிற பொய் இல்லை, உனக்கு நான் சொன்ன பொய். உனக்கு அங்கே பல் முளைத்தது. நான் பிடுங்குவித்தேன்.

உனக்கு ஒன்பது வயது. பிள்ளைகளின் பல் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வரும் பல்லு மிஸ் உன் கையில் ஒரு துண்டு கொடுத்துவிட்டாள். கொடுப்புப் பல்லில் சின்ன ஓட்டை இருக்கிறது, அடைக்க வேண்டும், பெற்றோர் ஒருவர் வரவும் என்று எழுதியிருந்தது. அது பெரிய மீன்பாடு உள்ள காலம், ஒரு நாள் தொழிலை விட எனக்கு மனம் இல்லை. பாற்பல்தானே, எப்படியும் விழுந்து வேறு முளைக்கும், அதை அடைத்து என்ன செய்வது என்று எனக்குள் நானே தீர்ப்புச் சொன்னேன். துண்டின் கடைசி வரியைக்கூட வாசிக்கவில்லை. ஒரு மாதத்தில் நீ இரவும் பகலும் அழத் தொடங்கினாய். சந்தைப் பக்கம் பல் பிடுங்குகிற ஒரு ஆள் இருந்தான், படித்தவனோ படிக்காதவனோ நான் விசாரிக்கவில்லை. உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டு கையையும் நானே பிடித்துக்கொண்டு, பிடுங்குவித்தேன். "வலிக்குது அப்பா, விடச் சொல்லுங்கோ" என்று நீ கத்தினாய். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன், நீ அழுகையை நிறுத்தினாய், எனக்கு வேலை முடிந்தது போல இருந்தது.

அடுத்த கிழமை பல்லு மிஸ் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டாள். உன்னையும் பக்கத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிக் காட்டினாள். "ஐயா, இது பாற்பல்லு இல்லை. ஆறு வயசில, ஒரு பல்லும் விழாமல், எல்லாத்துக்கும் பின்னால முளைக்கிற பல்லு. சாகுமட்டும் இருக்க வேண்டிய பல்லு. இனி இதில ஒண்டும் வராது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நான் பிழை விட்டுவிட்டேன் மிஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "எங்கட பரம்பரைப் பல்லு அப்பிடித்தான் மிஸ், வைச்சிருந்தாலும் நிண்டிராது" என்றேன். அந்தப் பரம்பரை அன்றைக்கு, அந்த அறையில், என் வெட்கத்துக்குப் பிறந்தது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒரு கதை கதைத்ததில்லை. பிறகு நீ வளர வளர, பிடுங்கினதையும் மறந்து, அந்த இடத்தில் பல் முளைக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினாய். நான் திருத்தவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக நீ வலப்பக்கத்தால் மட்டும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, முன்னாலே இருந்து நானும் சாப்பிட்டேன்.

நேற்று இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவளுக்கும் தெரியாது, அன்றைக்கு ஓட்டைப் பாற்பல் என்றுதான் அவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். பிறகு, "இஞ்சாருங்கோ, என்ட பல்லைக் கழட்டேக்கயும் உந்தப் பரம்பரைக் கதையைத்தானே சொன்னனீங்கள்? நான் உங்கட பரம்பரையோ? நான் மூதூர்க்காரி. என்ட அம்மா சாகேக்க முழுப் பல்லோட செத்தவ" என்றாள். அவளுக்கு இரத்தத்தால் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு பொய்க்கு அவளுடைய பன்னிரண்டு பல்லையும் கொடுத்திருக்கிறேன். "எழுதுங்கோ. ஒண்டும் விடாமல் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு மீண்டும் மீனை எடுத்தாள். இரவு என்னோடு அவள் கதைக்கவில்லை. அதற்கு எனக்கு முறைப்பாடு இல்லை.

நீயும் கோபப்படு. தாராளமாகப் படு, கலியாணத்துக்கு முன்னால் இரண்டு நாள் கதைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கோபத்தை என் மேல் வை, பரம்பரையின் மேல் வைக்காதே. பரம்பரையின் மேல் வைத்தால் நீயும் கையைக் கட்டிக்கொண்டு நாற்பதுக்காகக் காத்திருப்பாய். நாளைக்கு உனக்கும் ஷாலினிக்கும் பிறக்கும் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்காவது போவாய். அதற்கு ஆறு வயது ஆகும்போது வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால் பார். அங்கே புதிதாய் ஒன்று நிற்கும். அதன் மேல் ஒரு பூச்சுப் போட்டு ஓட்டை விழாமல் காக்கலாமாம், பள்ளிக்கூடத்தில் துண்டு தந்தால் கடைசி வரிவரை வாசி. நான் வாசிக்காத வரியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஷாலினியின் அம்மா முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது என் முன் பல்லின் வெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கும் தெரியும். பார்க்கட்டும். தொழில் செய்கிறவனின் பல் அது. கலியாணப் படத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒழுங்கைக்காரர் ஆளுக்கு ஒன்று கதைப்பார்கள், செட் கட்ட வக்கில்லை என்பார்கள், மகனுடைய மானத்தை வாங்குகிறான் என்பார்கள். கதைக்கிறவர்கள் எல்லாம் பந்தியில் கோழிக்காலைப் பிய்த்துப் பிய்த்து விழுங்குவார்கள், நான் கடித்துச் சாப்பிடுவேன். அம்மாவுக்கும் புதுச் செட்டுக்கு அளவெடுக்க அந்த டொக்டர் பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், அவள் என்னோடு கதைக்கத் தொடங்கின பிறகு. கழற்றினதைத் திருப்பி நட ஏலாது என்று தெரியும். சோற்றுக்குள் விழாத ஒன்றையாவது கட்டிக்கொடுக்கலாம்.

இனி வெள்ளிக்கிழமை விஷயம். நீ வியாழக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து விடியக்காலை இறங்குவாய். நீ தந்த இலக்கத்துக்கு இன்று காலை நானே தொலைபேசி எடுத்தேன். ஒரு பிள்ளை கதைத்தது. எனக்கு எடுத்த நேரத்தை விட்டுவிட வேண்டாம், பெயரை மட்டும் மாற்றிப் போடுங்கோ என்று சொல்லி உன் பெயரைக் கொடுத்தேன். "மகனுக்கும் முழுக்கக் கழட்டவோ ஐயா?" என்று கேட்டாள். "ஒண்டும் கழட்டுறேல்லை பிள்ளை. அவனுக்கு முரசில ரத்தம் வருது. சுரண்டித் துப்பரவாக்கி, இருக்கிற பல்லை எல்லாம் அவனுக்கே விட்டுவிட வேணும்" என்றேன். அவள் எழுதுகிற சத்தம் கேட்டது. "துணைக்கு ஆர் வருவினம்?" என்றாள். தகப்பன் வருவார் என்றேன். "மகன் கட்டாயம் வருவாரோ? போன கிழமையும் ரெண்டு பேர் சொல்லிப்போட்டு வரேல்லை" என்றாள்.

வருவான் என்று எழுதச் சொன்னேன், தம்பி.

அப்பா